பாதி விலைக்கு வந்த யானை

தமிழில் கார் என்னும் ஊர்திக்கு வழங்கும் பெயர்களுள் மகிழுந்து என்பதும் ஒன்று. சரக்குந்து தான் ஏற்றும் பொருளால் பெயர் பெற்றது. பேருந்து தன் உருவத்தால் பெயர் பெற்றது. மகிழுந்து மட்டும் ஏறுவோரின் உள்ளத்தால் பெயர் பெற்றது. சொல்லை ஆக்கியவர் இத்துணை எண்ணி ஆக்கினாரோ இல்லையோ, சொல் அவ்வாறு நின்றுவிட்டது. வகுப்பில் இதனைப் பிரித்தெழுதச் சொன்னால் மாணவர் மகிழ் + உந்து எனப் பிழையின்றி எழுதிவிடுவர். அம்மகிழ்ச்சி எவருடையது, அதற்கு விலை கொடுத்தவர் எவர் என வினவினால் விடை அத்துணை எளிதாக வாராது.

வினா கற்பனையானதன்று. பினாங்குத் தீவில் ஜோர்ஜ் டவுன் நகரின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எந்த நாளும் எழக்கூடியது. ஆங்கிலேயர் காலத்தில் பிட் வீதி என வழங்கிய அச்சாலை, பொருளின் மதிப்பை அளந்து பழகிய சாலை. இந்திய முஸ்லிம் வணிகரின் தலைவராக விளங்கிய காதர் மொகிதீன் 1801ஆம் ஆண்டளவில் எழுப்பிய பள்ளிவாசல் அங்கு உள்ளது. அதே சாலையில் குவான் யின் கோயிலும், பக்கத்துக் குயீன் வீதியில் 1833ஆம் ஆண்டில் அமைந்த மகா மாரியம்மன் ஆலயமும், வடகோடிக்கு அப்பால் 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜோர்ஜ் தேவாலயமும் உள்ளன. இவற்றுக்கு இடையே நகைக்கடைகளும் நாணயமாற்றுக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. பொன்னை உரைத்துப் பார்த்து, நிறுத்து, இன்றைய விலை இது எனச் சொல்வதையே தொழிலாகக் கொண்டோர் தலைமுறை தலைமுறையாக அங்கு இருந்திருக்கின்றனர்.

அச்சாலைக்குள் ஒரு ஃபோர்ட் மஸ்டாங் நுழைகிறது எனக் கொள்க. நானூறுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் உடைய அவ்வண்டி, சுற்றுலாப் பயணியை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர ரிக்‌ஷாவின் பின்னால் ஊர்ந்துதான் போகும். சாலையோரத்தில் நிற்போர் இருவகையாகப் பேசுவர். "என்ன ஆடம்பரம்!" என்பது ஒரு சாரார் கூற்று. "புதிய விலையில் பாதிக்கு வாங்கியிருப்பான், கெட்டிக்காரன்" என்பது மறு சாரார் கூற்று. இவ்விரு கூற்றுகளுள் எது பொருந்தும் என்பதே ஆராய்தற்குரியது.

இவ்வகை வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். நடுத்தர உடலுக்குள் பெரிய எஞ்சினைப் பொருத்தி, நடுத்தர வருவாயினர்க்கு விற்பது என்னும் எண்ணம் அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டில் போன்டியாக் ஜிடிஓ என்னும் வண்டியால் பரவியது. அதே ஆண்டு ஏப்ரலில் மஸ்டாங் வெளிவந்தது. தசைவலியைக் குறித்து 'மசல் கார்' என இவற்றை அழைத்தனர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அக்காலத்தின் கொழுப்பைக் கரைத்தது. ஒரு தலைமுறை கழிந்தபின் பழைய உருவம் புதிய நுட்பத்தோடு மீண்டது: 2005ஆம் ஆண்டு மாதிரியாக மஸ்டாங், 2008இல் டாட்ஜ் சாலெஞ்சர், 2009இல் செவ்ரோலெ கேமரோ. எனினும் இவை யாவும் இடப்பக்கச் சுக்கான் உடையவை. மலேசியச் சாலைக்கு உரியவை அல்ல. 2015ஆம் ஆண்டு மாதிரி மஸ்டாங்தான் வலப்பக்கச் சுக்கானோடு ஆலையிலிருந்தே வெளிவந்த முதல் மஸ்டாங். மறு ஆண்டே அது மலேசியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 32,000 டாலரில் தொடங்கிய ஐந்து லிட்டர் வண்டி, இறக்குமதித் தீர்வையும் கலால் வரியும் ஏறியபின் இங்கு ஏறத்தாழ ஆறு இலட்சம் ரிங்கிட்டாயிற்று. நடுத்தர வருவாயினர்க்கெனப் பிறந்த வண்டி, கடலைக் கடந்ததும் செல்வரின் வண்டியாகிவிட்டது. இம்முரண்பாடு மனத்தில் இருத்தற்குரியது. ஏனெனில் காலம் செல்லச் செல்ல, விலை இறங்க இறங்க, அது மீண்டும் நடுத்தர வருவாயினரை நோக்கியே வருகிறது.

பொன்னுக்கும் காருக்கும் உள்ள வேறுபாட்டை அச்சாலையின் நகைக்கடைகளே காட்டும். பாட்டியின் கழுத்துச் சங்கிலியைப் பேத்தி விற்கப்போனால் தேய்மானமும் செய்கூலியும் கழித்து, எஞ்சியதற்கு அன்றைய விலை கிடைக்கும். கார் அவ்வாறன்று. கடையை விட்டு வெளியேறிய நாளிலேயே அதன் மதிப்பில் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. சில ஆண்டுகளில் விலை பாதியளவுக்கு இறங்குதல் இத்தகைய வண்டிகளுக்குப் புதிதன்று. இறங்கிய அத்தொகை எதற்காகக் கொடுக்கப்பட்டது? எஞ்சினுக்காக அன்று, எஞ்சின் அப்படியே இருக்கிறது. இரும்புக்காகவும் அன்று. முதல்வன் என்னும் பெயருக்காகவும், பிறர் கை படாதது என்னும் நினைவுக்காகவும் முதல் உரிமையாளர் கொடுத்த விலை அது. இரண்டாம் உரிமையாளர் அந்நினைவை வேண்டாம் என விட்டுவிடுகிறார். ஆற்றலை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இவரை ஆடம்பரக்காரர் என ஏசுதல் எவ்வாறு பொருந்தும்? நம்மவர் புதுமைக்கு மயங்கி, தவணையில் புதிய வண்டியை வாங்கி, இருக்கையின் நெகிழியுறையைக்கூடக் கழற்றாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதைக் காண்கிறோம். அதனோடு ஒப்பிட்டால் இவர் செயல் சிக்கனத்தின் ஒரு வகையே.

இன்பத்தையே குற்றமாகக் கருதும் மனப்பான்மையையும் இங்குத் தள்ளிவிடலாம். உழைத்துப் பெற்ற பொருளைத் துய்த்தல் தமிழ் மரபில் இழிவாக எண்ணப்பட்டதில்லை. ஈயாமலும் துய்யாமலும் பூட்டி வைப்போனையே சான்றோர் இடித்துரைத்தனர். எனவே ஒருவர் நாளெல்லாம் தொழிற்சாலையில் உழைத்து, மாலையில் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் விழித்தெழும் ஒலியைக் கேட்டு மகிழ்கிறார் என்றால், அம்மகிழ்ச்சி இசை கேட்டு மகிழ்வதினும் தாழ்ந்தது எனச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இதுவரை எல்லாம் வாங்குவோர் பக்கம். ஆயின் தமிழர் பேச்சுவழக்கில் ஒரு தொடர் உண்டு: யானையைக் கட்டித் தீனி போடுவது. அத்தொடர் யானையின் விலையைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கருதுக. பாதி விலைக்கு வந்த யானை பாதி வயிறு உண்பதில்லை. கைமாறிய பெருவண்டியின் முழுச் சிக்கலும் இதில் அடங்கிவிடுகிறது.

கணக்கைப் பார்க்கலாம். மலேசியத் தீபகற்பத்தில் தனியார் காரின் சாலை வரி, எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு விதிக்கப்படுகிறது. வண்டியின் வயதைக் கொண்டன்று. மூவாயிரம் சிசிக்கு மேற்பட்ட காருக்கு அடிப்படை வரி 2,130 ரிங்கிட்; அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட். 2015ஆம் ஆண்டு மாதிரியின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 4,951 சிசி. ஆகவே ஆண்டு வரி 10,909 ரிங்கிட் 50 சென். பெரும்பாலோர் ஓட்டும் ஒன்றரை லிட்டர் காருக்கு அது 90 ரிங்கிட்தான். ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்கு. வரியோ நூற்றிருபது மடங்கு. நாள்தோறும் கணக்கிட்டால், வண்டி கொட்டகையில் உறங்கினாலும் ஏறத்தாழ முப்பது ரிங்கிட் கரைகிறது. மாதத்துக்கு 909 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தில் இது பாதிக்கும் மேல். வண்டியின் விலை ஆறு இலட்சமாக இருந்தபோதும் வரி இதுவே. இரண்டரை இலட்சமாக இறங்கியபோதும் இதுவே. ஒரு நாள் ஐம்பதாயிரத்துக்கு வந்தாலும், சட்டம் மாறாதவரை, இதுவே.

மற்றத் தீனியும் அத்தகையதே. நகர நெரிசலில் நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ பதினைந்து லிட்டர் பெட்ரோல் வேண்டும். பின்சக்கர டயர்கள் முன்சக்கர டயர்களினும் அகலமானவை. ஆகவே தேய்மானத்தைச் சமப்படுத்த முன்னும் பின்னுமாக இடம் மாற்றிப் போடவும் வழியில்லை. பிரேக் தகடுகள் வண்டியின் எடைக்கும் விரைவுக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை. அவற்றின் விலை பழைய காரின் விலையைப் பார்த்து இரங்குவதில்லை. காப்புறுதிக் கட்டணம் ஒன்றே வண்டியின் மதிப்போடு ஓரளவு கீழிறங்கும். புதிய வண்டிக்கு இருந்த உத்தரவாதம் முடிந்திருக்கும். முதல்வர் பட்டறைக்குச் சென்று கையொப்பமிட்டுத் திரும்பிய பழுதுகளுக்கு, இரண்டாமவர் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், வாங்கும் நாளில் அவர் தம் பணப்பையின் அளவுக்கு வாங்குகிறார். பின்வரும் நாள்களில் முதல் உரிமையாளரின் பணப்பையின் அளவுக்குச் செலவிட வேண்டியவராகிறார்.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் அரசனுக்கு உரைக்கப்பட்டது. பகைவர் வலி, துணைவர் வலி என்று போர் பற்றித் தொடங்கும் அவ்வதிகாரத்தின் நடுவே, மெல்லிய மயிலிறகாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமை வருகிறது. சிறிது தள்ளி வரவு குறுகியதாயினும் செலவு அகலாவிடின் தீங்கில்லை என்னும் கருத்து வருகிறது. வண்டியின் அச்சையும் வீட்டின் வரவுசெலவையும் ஒரே அதிகாரத்தில் வைத்த பொருத்தத்தை ஆசிரியர்கள் வகுப்பில் இன்னும் சற்று விரித்துரைக்கலாம். முறிக்கும் பாரம் எப்போதும் கருங்கல்லாக வருவதில்லை. மாதம் 909 ரிங்கிட்டாகவும் வரும்.

இதே வண்டியில் நான்கு சிலிண்டர் உடைய 2.3 லிட்டர் வகையும் உண்டு. அதற்குச் சாலை வரி ஏறத்தாழ 640 ரிங்கிட்டே. முந்நூறளவு குதிரைத்திறன் அதற்கும் உண்டு, உருவமும் அதுவே. பொருளறிவு உடையோர் இதனைத்தான் தேர்வர். ஆயின் இளைஞர் பலர் உதட்டைப் பிதுக்குகின்றனர். அந்த ஒலி இதில் இல்லையாம். ஆண்டுக்குப் பதினாயிரம் ரிங்கிட் ஒலிக்காகவே கொடுக்கப்படுகிறது என்றால், அவ்வொலி தம் செவிக்கா, தெருவின் செவிக்கா எனக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. தம் செவிக்கு எனின் அது துய்ப்பு. தெருவின் செவிக்கு எனின் அது வேறு. வாங்கிய பின்னர்ப் புகைபோக்கியை மாற்றி ஒலியைப் பெருக்குவோர் தம் விடையைத் தாமே சொல்லிவிடுகின்றனர். பாங்கோசையும் ஆலயமணியும் ஒன்றையொன்று மதித்து ஒலித்துவரும் சாலையில், மூன்றாவதாக ஓர் ஓசை எவரையும் மதியாமல் எழுவது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. அது சட்டத்துக்கும் புறம்பானது.

இனி, பணம் எவருடையது என்னும் வினாவுக்கு வருவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவரை எண்ணிக்கொள்க. மாதத் தவணையை அவர் சம்பளம் ஒருவாறு தாங்கும்; முன்பணம் இல்லை. தாயின் பெட்டியில் நகை இருக்கிறது. தோட்டப்புறத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய பாட்டி, கிராம் கிராமாகச் சேர்த்த பொன் அது. தாய் அதனைப் பள்ளிவாசல் சாலைக் கடைக்கு எடுத்துச் சென்று நிறுத்து விற்றுவருகிறார். மகனுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாத தாய்மார் நம் சமுதாயத்தில் குறைவு அல்லர்.

இதனை உடனே பழித்துவிடுதல் எளிது. ஆயினும் பெட்டிக்குள் இருந்த பொன் எவருக்கு என்ன இன்பம் தந்தது? திருமணத்துக்கு இருமுறை அணிந்ததைத் தவிர அதுவும் இருளில் கிடந்ததுதானே? அம்மகன் அவ்வாறு வாதிட்டால் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. பெட்டியில் கிடந்த பொன், நோய் வந்தால் தந்தைக்கு, படிப்பு வந்தால் தங்கைக்கு, வேலை போனால் எல்லாருக்கும் எனக் குடும்பம் முழுவதற்கும் காவலாகக் கிடந்தது. மஸ்டாங்கில் நான்கு இருக்கைகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பின்னிருக்கையில் சிறுவர் அமரலாம். முழங்கால் வலியுள்ள முதியவர் அமர இயலாது. தாயை முன்னிருக்கையில் அமர்த்தினால் தந்தை வீட்டில் இருக்க வேண்டும். எல்லாருடைய பொருளும் ஒருவருடைய இன்பமாகச் சுருங்கும் இடம் அது. தம் சேமிப்பில் வாங்கும் ஒருவரையும் இவரையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையாகாது. முன்னவர் தவறினால் தம் பணம் போகும். பின்னவர் தவறினால் பாட்டியின் விடியற்காலங்கள் போகும்.

வண்டியின் விலை சிறிதாயினும் வினா மாறுவதில்லை. 1999ஆம் ஆண்டில் புரோட்டோன் நிறுவனம் ஆறு சிலிண்டர் பெர்டானாவை வெளியிட்டபோது அது அமைச்சரும் உயர் அலுவலரும் ஏறிய வண்டி. பின்னாளில் அது மிக மலிவாகக் கிடைத்தது. எளிய வருவாயினர் பலர் வாங்கினர். தீனி போட இயலாமல் கைவிட்டோரும் உளர். ஆறு இலட்சத்து யானைக்கும் சில ஆயிரத்து யானைக்கும் பசி ஒரே இனத்தது.

இன்பம்தான் வேண்டும், உடைமை வேண்டா எனின், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாமே எனச் சிலர் கேட்பர். கூர்மையான வினா. விரைவு மட்டுமே இன்பமாயின் அதுவே போதும். உண்மையில் மலேசிய நெடுஞ்சாலையில் விரைவின் எல்லை மணிக்கு 110 கிலோமீட்டர். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் 80. இவ்வெல்லைகளை ஒன்றரை லிட்டர் கார் எளிதில் தொட்டுவிடும். எனவே எஞ்சிய முந்நூறு குதிரைகள் ஓடுவதற்காக வாங்கப்படவில்லை. ஓடாமல் காலடியில் நிற்பதற்காகவே வாங்கப்படுகின்றன. ஆற்றல் இருந்தும் அடக்கி வைத்திருத்தலில் ஓர் இன்பம் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. அடக்க அறியாதவர் கையில் அதே ஆற்றல் பிறர் உயிருக்கு உலை வைக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை. இனி உடைமையின் இன்பமோ பெரும்பாலும் பேணுதலில் இருக்கிறது. ஞாயிறு காலையில் கழுவித் துடைப்பதும், எண்ணெய் மாற்றும் நாளைக் குறித்து வைப்பதும், எந்த ஒலி இயல்பு, எந்த ஒலி நோய் எனச் செவியால் அறிவதும் வாடகைக்காரருக்குக் கிட்டாதவை. கைமாறிய வண்டியை வாங்கிச் சிறப்புறத் துய்ப்போர் பெரும்பாலும் இத்தகையோரே. பிறர் பார்க்க வேண்டும் என வாங்கியோர் இரண்டாம் ஆண்டின் வரிச்சீட்டு வந்ததும் விற்றுவிடுகின்றனர்.

விற்கும்போது மற்றோர் அறம் தலைகாட்டுகிறது. பொன்னுக்கு உரைகல் உண்டு, காருக்கு இல்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைப் பின்னோக்கித் திருப்பிவிடும் கயவர் உண்டு. 2017 நவம்பரில் பினாங்கைத் தாக்கிய பெருவெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியை உலர்த்தி, நறுமணம் தெளித்து விற்றுவிட்டால், மின்கம்பிகளின் பிணைப்புகளில் பச்சை பூத்து, ஈராண்டு கழித்து நெடுஞ்சாலையில் விளக்கணையும்போதுதான் வாங்கியவர் அறிவார். அறிந்தோர் இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்துப் பார்ப்பர். அடியில் சேற்றுக்கறை தங்கியிருக்கும். கம்பளத்தைத் தூக்கி இருக்கையின் தாங்கு கம்பிகளில் துரு இருக்கிறதா எனக் காண்பர். தம் பக்கம் நிற்கும் பட்டறைக்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வர். இவை வாங்குவோர் கடமைகள்.

விற்போர் கடமை இதனினும் கடியது. இரண்டாம் உரிமையாளர் பெற்ற மலிவு, முதலாமவர் பராமரிப்பு ஏட்டை ஒழுங்காக வைத்து ஒளிவின்றிக் கொடுத்ததால் வாய்த்தது. அதே ஏட்டை அவர் மூன்றாமவருக்குக் கொடுக்க வேண்டியவராகிறார். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது மழைநாளில் மட்டும் ஒரு சிறு முனகல் கேட்கும் எனில், வந்து பார்ப்பவர் வெயில்நாளில் வந்திருந்தாலும், அதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் விலையில் இரண்டாயிரமோ மூவாயிரமோ குறையும் என்பது தெரிந்தே சொல்ல வேண்டும்.